கேள்விக்குறிக்குள் குற்றாலம்

சாரல் பிடித்துவிட்டால் தென்காசியில் வேன் வைத்திருப்பவர்களுக்கு ஓய்வு கிடையாது. காலையில் பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றி, பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று சுற்றிக் காட்டி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். ஒவ்வொரு டிரிப்புக்கும் எக்செல்லில் ஒரு வரி ஏறும். பெயர், வீட்டு பின்கோடு, போன் நம்பர், போக வேண்டிய இடம், எந்த வண்டி போனது என்று ஐந்து பத்திகள். ஜூனில் தொடங்கும் பட்டியல் ஆகஸ்ட் முடிவதற்குள் ஆயிரக்கணக்கான வரிகளாக நீண்டுவிடும்.

வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. எந்த அருவிக்கு எத்தனை டிரிப், கேரளத்திலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர், எந்த வண்டி எவ்வளவு ஓடியது என்று முதலாளி கேட்பார். எழுதிய கைகளோ நாலைந்து. ஒருவர் குற்றாலம் என்று போட்டிருப்பார். பேசுகிறபடியே குத்தாலம் என்று இன்னொருவர் போட்டிருப்பார். ஆங்கிலத்தில் தட்டுகிறவர்களில் சிலர் சி-யில் தொடங்குவார்கள், சிலர் கே-யில். ஒரு எல் போதும் என்பார் ஒருவர், இரண்டு எல் வேண்டும் என்பார் மற்றவர். பின்கோடின் நடுவே இடைவெளி, போன் நம்பருக்கு முன்னால் பூஜ்யம், வண்டி நம்பரில் ஒரு கோடு என்று எல்லாமே கலந்து கிடக்கும். ‘சமம்’ என்ற ஒற்றைக் குறியை வைத்து இதைத் தேடினால் பாதிகூடக் கிடைக்காது.

இப்படி ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் கணக்குப் பார்க்கும் தம்பிக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். மேக்ரோ எழுத அவருக்குத் தெரியும். வைல்டு கார்டுதான் புதிது.

எக்செல்லுக்குள் வி.பி.ஏ. என்ற மேக்ரோ மொழி வந்தது 1993-இல். அதில் லைக் என்று ஒரு சொல் உண்டு. இடது பக்கம் செல்லின் மதிப்பு, நடுவில் லைக், வலது பக்கம் மேற்கோள் குறிக்குள் ஒரு பேட்டர்ன். பொருந்தினால் ட்ரூ, பொருந்தாவிட்டால் ஃபால்ஸ். அந்தப் பேட்டர்னுக்குள் சில குறிகளுக்குத் தனி வேலை இருக்கிறது; அவைதான் வைல்டு கார்டுகள். நட்சத்திரம் இருக்கும் இடத்தில் எதுவும் வரலாம், எத்தனை எழுத்தும் வரலாம், ஒன்றுமே வராமலும் இருக்கலாம். கேள்விக்குறி இருக்கும் இடத்தில் எதுவாக இருந்தாலும் சரியாக ஒன்று வர வேண்டும். # இருக்கும் இடத்தில் ஓர் இலக்கம் வர வேண்டும். சதுர அடைப்புக்குள் சிலவற்றைப் போட்டால் அவற்றில் ஏதாவது ஒன்று வர வேண்டும். அடைப்புக்குள் முதலில் ஆச்சரியக்குறி போட்டுவிட்டால், அவற்றில் எதுவும் வரக் கூடாது என்று பொருள்.

கேள்விக்குறியையோ நட்சத்திரத்தையோ அந்தக் குறியாகவே தேட வேண்டுமென்றால் அதையும் சதுர அடைப்புக்குள் போட்டுவிட்டால் போதும்: "[?]", "[*]". முகவரிகளில் # வரும். அங்கே "[#]" கை கொடுக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைக் செல் முழுவதையும் பார்க்கும். "குற்றாலம்" என்று பேட்டர்ன் கொடுத்தால் ‘குற்றாலம் மெயின் அருவி’ பொருந்தாது. இருபுறமும் நட்சத்திரம் வைத்து "*குற்றாலம்*" என்று எழுத வேண்டும். செல்லின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இடைவெளி நின்றாலும், நட்சத்திரம் இல்லாத பேட்டர்ன் ஃபால்ஸ் என்றுதான் சொல்லும்.

எளிதில் பிடிபடுவது எண்கள்தான். அதனால் பின்கோடிலிருந்து தொடங்கினேன்.

இந்தியாவில் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. ஆறு இலக்கம். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய வட்டாரம். குற்றாலம் 627802, செங்கோட்டை 627809, தென்காசி 627811. எனவே "627###" என்றால் நெல்லை, தென்காசி வட்டாரம் மொத்தமும் வரும். "6278##" என்றால் அருவிக்குப் பக்கத்து ஊர்கள் வரும். ஆனால் கடையநல்லூர் 627751, சங்கரன்கோவில் 627756. தென்காசி 2019 நவம்பர் 22-இல் தனி மாவட்டமானபோது இந்த இரண்டு ஊர்களும் அதற்குள்தான் வந்தன. ஆகவே "6278##" என்பதை ‘தென்காசி மாவட்டம்’ என்று பெயரிட்டு முதலாளியிடம் கொடுத்தால் கணக்கு தவறு. தபால் துறை போட்ட எல்லையும் வருவாய்த் துறை போட்ட எல்லையும் ஒன்றல்ல. எதைப் பிடிக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அதற்கேற்ற பெயரைத்தான் அந்தப் பேட்டர்னுக்கு வைக்க வேண்டும்.

கேரளத்துக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. அங்கே பின்கோடு 67, 68, 69 ஆகியவற்றில் தொடங்கும். "6[789]####" என்ற ஒரே பேட்டர்னில் புனலூர்க்காரர் முதல் காசர்கோட்டுக்காரர் வரை வந்துவிடுவார்கள். ஆரியங்காவு வழியாக வந்து குளித்துவிட்டுப் போகும் கூட்டத்தை எண்ண வேறு எதுவும் தேவையில்லை.

போன் நம்பருக்கு: இந்தியக் கைபேசி எண் பத்து இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9-க்குள். "[6-9]#########" என்று எழுதினால் சரியான எண்கள் மட்டும் தேறும். முன்னால் பூஜ்யமோ 91-ஓ சேர்த்து எழுதியிருந்தால் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரம் சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் தவறிப்போய்ப் பதினோரு இலக்கம் அடித்த எண்ணும் சரி என்று உள்ளே வந்துவிடும். முதலில் பூஜ்யத்தையும் 91-ஐயும் நீக்கிவிட்டு, பிறகு நட்சத்திரம் இல்லாமல் சோதிப்பதே நல்லது.

வண்டி நம்பரும் அப்படித்தான். தென்காசி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு டிஎன் 76, சங்கரன்கோவிலுக்கு டிஎன் 79, நெல்லைக்கு டிஎன் 72. இடைவெளிகளையும் கோடுகளையும் ரீப்ளேஸ் கொண்டு எடுத்துவிட்டால் "டிஎன்7[69]*" என்பது தென்காசியையும் சங்கரன்கோவிலையும் சேர்த்துத் தரும். இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். ஷீட்டில் இவை ஆங்கில எழுத்துகள். லைக் இயல்பாகவே ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறாகப் பார்க்கும். மாட்யூலின் தலையில் ஆப்ஷன் கம்பேர் டெக்ஸ்ட் என்று எழுதினால் அந்த வேறுபாடு போய்விடும். தமிழும் கலந்த பட்டியல் என்றால் நான் அதை எழுதுவதில்லை. யுகேஸ் போட்டு ஆங்கிலத்தை மட்டும் பெரிய எழுத்தாக்கிக்கொண்டு, ஒப்பீட்டை இருந்தபடி விட்டுவிடுகிறேன்.

தம்பி இந்த இடத்தில் கேட்டார்: “அண்ணாச்சி, இதையே கவுண்ட்இஃப்ல எழுதிட்டா மேக்ரோவே வேண்டாம்லா?”

நல்ல கேள்வி. ஷீட்டிலேயே எழுதும் கவுண்ட்இஃப், வி-லுக்கப், மேட்ச் போன்றவற்றிலும் நட்சத்திரமும் கேள்விக்குறியும் வேலை செய்யும். ஆனால் # அங்கே வெறும் குறிதான், இலக்கத்தைக் குறிக்காது. சதுர அடைப்பும் வேலை செய்யாது. நட்சத்திரத்தை நட்சத்திரமாகவே தேட முன்னால் ~ போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பின்கோடு செல்லில் எண்ணாக உட்கார்ந்திருந்தால் கவுண்ட்இஃப் "627???" என்பது அதைத் தொடவே தொடாது, அங்கே வைல்டு கார்டு டெக்ஸ்டுக்கு மட்டும்தான். மேக்ரோவில் லைக் அந்த எண்ணைத் தானே எழுத்தாக மாற்றிக்கொண்டு பொருத்திப் பார்க்கும். ஒரே பத்தியில் சில பின்கோடுகள் எண்ணாகவும் சில டெக்ஸ்டாகவும் கிடப்பது நம் பட்டியல்களில் சாதாரணம் என்பதால், இந்த வேறுபாடு கணக்கையே மாற்றிவிடும்.

ஆங்கில ஊர்ப் பெயர்களுக்கு வருவோம். குற்றாலத்தை ஆங்கிலத்தில் எழுத வெள்ளைக்காரர் காலத்து எழுத்துக்கூட்டு ஒன்று, தமிழ் ஒலிப்படி எழுதுவது ஒன்று, இரண்டுக்கும் நடுவில் பல. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர். அதற்கும் பழைய எழுத்துக்கூட்டு ஒன்று, புதியது ஒன்று உண்டு. 2020-இல் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அரசாலேயே ஒரு வழிக்குக் கொண்டுவர முடியாத ஒன்றை டிரிப் ஷீட்டில் தட்டுகிற டிரைவரிடம் எதிர்பார்க்க முடியாது. பேட்டர்ன்தான் வளைந்துகொடுக்க வேண்டும்.

முதல் எழுத்து சி அல்லது கே, நடுவில் நட்சத்திரம், கடைசி மூன்று எழுத்து எல், ஏ, எம் என்று தம்பி ஒரு பேட்டர்ன் எழுதினார். குற்றாலத்தின் எல்லா ஆங்கில வடிவங்களும் அதில் விழுந்தன. கூடவே கோவளமும் விழுந்தது. கொல்லமும் விழுந்தது. கொல்லத்துக்குத் திரும்பக் கொண்டுபோய் விடும் டிரிப்புகள் சீசனில் நிறைய இருக்கும் என்பதால் இது சின்னப் பிழையில்லை. நட்சத்திரம், டி, மறுபடி நட்சத்திரம் என்று நடுவில் ஒரு டி-யைக் கட்டாயமாக்கியதும் இரண்டும் விலகிவிட்டன. குற்றாலத்தை யார் எப்படி எழுதினாலும் ஆங்கிலத்தில் அந்த டி விட்டுப்போவதில்லை. எது மாறாமல் நிற்கிறதோ அதைப் பேட்டர்னில் வெளிப்படையாக எழுத வேண்டும். மாறுகிற இடத்துக்குத்தான் வைல்டு கார்டு.

இனி தமிழ். இங்கேதான் தம்பி என்னைத் தேடி வந்த காரணமே இருந்தது.

“அண்ணாச்சி, மேக்ரோவுல குற்றாலம்னு சரியாத்தான் எழுதுனேன். ஆலங்குளத்துக்குப் போன டிரிப்பெல்லாம் குற்றாலத்துல வந்து நிக்கி. ரெண்டு ஊருக்கும் என்ன சம்பந்தம்?”

சம்பந்தம் இருக்கிறது. எக்செல்லின் செல்கள் 1997 பதிப்பிலிருந்தே யூனிகோடில் இருக்கின்றன. எந்த மொழியும் அங்கே தங்கும். மேக்ரோவை எழுதும் ஜன்னல் மட்டும் அதற்கு முந்தைய காலத்து முறையிலேயே நின்றுவிட்டது. விண்டோஸில் ஒவ்வொரு மொழிக் கூட்டத்துக்கும் ஒரு பழைய எழுத்துப் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் இருப்பதைத்தான் மேக்ரோ ஜன்னல் ஏற்றுக்கொள்ளும். தமிழுக்கு அப்படி ஒரு பட்டியல் போடப்படவே இல்லை. அதனால் தமிழை அங்கே ஒட்டினால், ஏற்றுக்கொள்ள முடியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி விழும். குற்றாலம் என்று ஒட்டினால் "?????????" என்று ஒன்பது கேள்விக்குறிகள்.

மற்ற இடங்களில் என்றால் இது வெறும் குப்பை, உடனே தெரிந்துவிடும். லைக்கில் கேள்விக்குறிக்கு அர்த்தம் இருக்கிறதே! ஒன்பது கேள்விக்குறி என்றால் ‘சரியாக ஒன்பது இடம் உள்ள எதுவும்’. ஆலங்குளம் என்ற சொல்லும் கணினியின் கணக்கில் ஒன்பது இடம்தான். பிழைச் செய்தி எதுவும் வராமல், இரண்டு ஊரும் ஒன்றாகிப்போயின. சென்னை என்று ஒட்டியிருந்தால் ஆறு கேள்விக்குறி வந்திருக்கும். இலஞ்சியும் கடையமும் அதற்குள் அடங்கியிருக்கும்.

இதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. பேட்டர்னை மேக்ரோவுக்குள் எழுதவே வேண்டாம். ஷீட்டில் ஒரு மூலையில், அல்லது தனி ஷீட்டில், செல்லுக்குள் தமிழிலேயே எழுதி வைத்துவிட்டு, லைக்கின் வலது பக்கத்தில் அந்த செல்லைக் காட்டினால் போதும். மேக்ரோ ஓடும்போது அதன் நினைவில் தமிழ் சிதையாமல் இருக்கும். ஜன்னலில் எழுதும்போதும், மெசேஜ் பாக்ஸில் காட்டும்போதும்தான் கேள்விக்குறி. ஆகையால் சோதித்துப் பார்க்க மெசேஜ் பாக்ஸை நம்பக் கூடாது. விடையைப் பக்கத்து செல்லில் எழுதிப் பார்க்க வேண்டும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பேட்டர்ன் செல்லில் இருந்தால் மேக்ரோ தெரியாத முதலாளியும் ஒரு புது ஊரைத் தானே சேர்க்கலாம்.

அடுத்தது அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்பது. குற்றாலம் என்பதை நாம் ஐந்து எழுத்தாகப் படிக்கிறோம்: கு, ற், றா, ல, ம். கணினிக்குள் கு என்பது க ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு. புள்ளி வைத்த ற் இரண்டு. றா இரண்டு. ல ஒன்று. ம் இரண்டு. மொத்தம் ஒன்பது. சந்தேகம் வந்தால் லென் ஃபார்முலா போட்டுப் பார்க்கலாம். தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரப்படவில்லை. 128 இடங்களே கொண்ட கட்டத்துக்குள் உயிர், அகரமேறிய மெய், குறிகள் என்று பிரித்து வைத்தார்கள். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து டேஸ்-16 என்ற முறையையும் ஏற்றது. அதில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் ஒரே எண். அங்கே கேள்விக்குறி ஒன்று நாம் படிக்கும் எழுத்து ஒன்றுக்குச் சமமாக இருக்கும். ஆனால் நம் போனிலும் எக்செல்லிலும் ஓடுவது யூனிகோடுதான்.

இது தெரிந்தால்தான் கேள்விக்குறியைத் தமிழில் சரியாகப் போட முடியும். குற்றாலம், குத்தாலம் இரண்டையும் ஒரே பேட்டர்னில் பிடிக்க வேண்டும். கண்ணுக்கு நடுவில் இரண்டு எழுத்து மாறுகிறது, "கு??லம்" என்று எழுதத் தோன்றும். எழுதினால் ஒன்றும் பொருந்தாது. ற், றா இரண்டும் சேர்ந்து நான்கு இடம். "கு????லம்" என்றால் இரண்டும் பொருந்தும். பொருந்துவதோடு மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலமும் சேர்ந்து வரும்! அது பேச்சு வழக்குக் குற்றாலம் அல்ல; தனி ஊர். யாராவது அங்கிருந்து கிளம்பி வந்து, ஊர்ப் பெயரைப் போக வேண்டிய இடத்தில் எழுதியிருந்தால் பெயரை வைத்து மட்டும் பிரிக்க வழியில்லை. அந்த வட்டாரப் பின்கோடு 609-இல் தொடங்கும். எனவே இடம் "கு????லம்" ஆகவும் பின்கோடு "609###" ஆகவும் இருக்கும் வரிகளுக்குத் தனி நிறம் போட்டுக் கையால் பார்க்கச் சொன்னேன்.

சதுர அடைப்பிலும் இதே கவனம் வேண்டும். "[கு]" என்று எழுதினால் ‘கு’ என்று அது புரிந்துகொள்ளாது. க அல்லது தனி உகரக் குறி, இரண்டில் ஒன்று என்றே எடுத்துக்கொள்ளும். அடைப்புக்குள் குறி சேராத எழுத்துகளை மட்டும் போடுவதே பத்திரம்.

அதற்கு அருவிகளைவிட நல்ல உதாரணம் இல்லை. எல்லா அருவி டிரிப்பையும் சேர்த்து எண்ண தம்பி "*அருவி" என்று செல்லில் எழுதி வைத்தார். செண்பகாதேவி அருவி வந்தது. பழத்தோட்ட அருவி வந்தது. ஐந்தருவி, பேரருவி, சிற்றருவி, தேனருவி, புலியருவி ஐந்தும் வரவில்லை. ஏன் என்று அவரே கொஞ்ச நேரம் பார்த்துக் கண்டுபிடித்தார். சொல்லோடு சொல் புணரும்போது அகரம் முன் மெய்யோடு கலந்துவிடுகிறது. ஐந்தருவி என்பதில் அ என்ற எழுத்தே இல்லை, த-தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த புணர்ச்சி விதி எக்செல்லில் வந்து நிற்கிறது.

சரி, அ-வை எடுத்துவிட்டு "*ருவி" என்று போட்டார். எல்லா அருவியும் வந்தது. ‘சமையல் கருவி’ என்று குறித்த ஒரு சாமான் டிரிப்பும் வந்தது. யாராவது குருவி என்று எழுதியிருந்தால் அதுவும் வந்திருக்கும். இங்கேதான் சதுர அடைப்பு. அருவிக்கு முன் எந்த எழுத்துகள் வருகின்றன என்று பட்டியலை வைத்தே பார்த்தோம். தனியாக நின்றால் அ. ஐந்தருவியில் த. புலியருவியில் ய. பேரருவியில் ர. சிற்றருவியில் ற. தேனருவியில் ன. ஆக "*[அதயரறன]ருவி". கருவியில் க வருவதால் அது விலகியது. குருவியில் ரு-வுக்கு முன் நிற்பது உகரக் குறி என்பதால் அதுவும் விலகும். பின்னால் ‘அருவிக்கு’, ‘அருவி வரை’ என்று எழுதியிருப்பவர்களுக்காகக் கடைசியிலும் ஒரு நட்சத்திரம் சேர்த்தோம். எனக்கு இந்தப் பேட்டர்ன் மிகவும் பிடித்திருக்கிறது. இந்த ஊர் அருவிகளின் பெயர்களைப் பார்க்காமல் யாராலும் இதை எழுதியிருக்க முடியாது.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து உள்ளே வேறாக இருப்பவையும் உண்டு. செங்கோட்டையில் வரும் கோ-வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று. கொம்பும் காலும் தனித்தனியாக வைப்பது மற்றொன்று. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த பட்டியல்களில் இரண்டாவது வகை நிறைய இருக்கும். திரையில் வேறுபாடே தெரியாது. முதல் வகையில் செங்கோட்டை பத்து இடம், இரண்டாவதில் பதினொன்று. தேடுவதற்கு முன் ஒருமுறை சீர்படுத்திவிடலாம். ஏகாரக் கொம்பின் எண் 3015, காலின் எண் 3006. இந்த இரண்டும் அடுத்தடுத்து வந்தால் 3019 என்ற ஒற்றைக் குறியாக மாற்ற வேண்டும். ஒகரத்துக்கு 3014-ம் 3006-ம் சேர்ந்தால் 3018. மேக்ரோவில் எண்ணைக் கொடுத்து எழுத்தைப் பெறும் ஃபங்ஷன் இருக்கிறது, சிஹெச்ஆர்டபிள்யூ என்று பெயர். தமிழை ஜன்னலில் தட்டாமலே இந்த வேலை முடியும்.

ஸ்ரீ-யும் அப்படித்தான். சில விசைப்பலகைகள் ஸ-வை வைத்து எழுதும், சில ஶ-வை வைத்து எழுதும். "[ஸஶ]?ரீ*" என்றால் ஸ்ரீயில் தொடங்கும் எல்லாப் பெயரும் கிடைக்கும், நடுவில் உள்ள கேள்விக்குறி புள்ளிக்கு. வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டிய பெயர்களில் 8204 என்ற எண்ணுள்ள கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. இணையப் பக்கத்திலிருந்து ஒட்டினால் 160 என்ற எண்ணுள்ள இடைவெளி வரும். ட்ரிம் அதை எடுக்காது. இரண்டையும் எண் சொல்லி ரீப்ளேஸ் செய்துவிட வேண்டும்.

இவ்வளவு கேட்டதும் தம்பி சொன்னார்: “பேசாம எல்லாத்தையும் இங்கிலீஷ்ல அடிக்கச் சொல்லிரலாம் போல, அண்ணாச்சி.” வேண்டாம் என்றேன். ஆங்கிலத்தில் அடித்தால் குற்றாலத்துக்கு எத்தனை எழுத்துக்கூட்டு வரும் என்று சற்று முன்னால்தான் பார்த்தோம். தமிழில் எழுதினால் குற்றாலம், குத்தாலம் என்று இரண்டே வடிவம். டிரைவர்கள் தமிழில்தான் சரியாக எழுதுகிறார்கள். பக்கத்து மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோவின் ஆபீஸ் இருக்கிறது. அங்கே செய்த மென்பொருளை உலகம் முழுவதும் வாங்குகிறார்கள். ஜோஹோ ஷீட்டிலும் வி.பி.ஏ. மேக்ரோ எழுத முடியும். இப்படி ஒரு ஊரில் டிரிப் ஷீட் தமிழில் இருப்பது கூடுதல் சுமை என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. ஜன்னல் தமிழை ஏற்கவில்லை என்றால் பேட்டர்னைச் செல்லில் வைத்துக்கொள்ளலாம். அதற்காக ரிஜிஸ்டரின் மொழியை மாற்ற வேண்டியதில்லை.

ரெஜெக்ஸ் என்று இணையத்தில் பார்க்கும் பேட்டர்ன்களை இதில் ஒட்டிவிடக் கூடாது என்றும் சொன்னேன். அது 1950-களில் ஸ்டீபன் கிளீனி என்ற கணித அறிஞர் வகுத்த கணக்கிலிருந்து வந்தது; 1968-இல் கென் தாம்ப்சன் அதை எழுத்துத் தேடலுக்குக் கொண்டுவந்தார். அங்கே நட்சத்திரம் என்றால் ‘முன்னால் உள்ளது எத்தனை முறையும் வரலாம்’ என்று பொருள். எதுவாகவும் இருக்கலாம் என்பதற்குப் புள்ளி. அதில் இன்னும் நுணுக்கமாகத் தேட முடியும் என்றாலும், டிரிப் ஷீட்டுக்கு லைக்கே தாராளம்.

கடைசியாக வரிசை. ஒவ்வொரு பேட்டர்னாகச் சோதித்து முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும்படி செலக்ட் கேஸ் ட்ரூ என்று மேக்ரோ எழுதுவது வழக்கம். அப்படி எழுதும்போது "*குற்றாலம்*" முதலில் நின்றால் பழைய குற்றாலம் டிரிப்பு எல்லாம் அதற்குள்ளேயே போய்விடும். "*பழைய குற்றால*", "*ப.குற்றால*" இரண்டும் முன்னால் நிற்க வேண்டும், அருவிகளின் பேட்டர்ன் அடுத்து, பொதுவான குற்றாலம் கடைசியில். ‘பழைய குற்றால அருவி’ என்று எழுதியிருந்தாலும் பழைய குற்றாலத்திலேயே விழட்டும் என்பதற்காகத்தான் ‘குற்றால’ என்பதோடு நிறுத்தி நட்சத்திரம் வைத்தது.

எதிலும் பொருந்தாத வரிகளுக்குக் கேஸ் எல்ஸில் ‘மீதி’ என்று பக்கத்துச் செல்லில் எழுதச் சொன்னேன். அசல் பத்தியில் எதையும் மாற்றக் கூடாது. மீதியை வடிகட்டிப் பார்த்தால் புதிய எழுத்துக்கூட்டுகள் தெரியும். அவற்றில் சேர்க்க வேண்டியதைப் பேட்டர்ன் ஷீட்டில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டலாம். அன்றைக்கு மீதியில் முதலாவதாக நின்றது ‘5 ஃபால்ஸ்’. இலக்கமும் ஆங்கிலச் சொல்லும் சேர்த்து எழுதியிருந்தார்கள். "5*ஃபால்ஸ்*" என்று அவரே ஒரு செல்லில் எழுதி, அதற்கு எதிரே ஐந்தருவி என்று போட்டுக்கொண்டார்.